ஆகாயத்தில் ஒரே பாஷை!

எதிர் வீட்டு மாமி விடியற்காலை நாலரை மணிக்கு வந்து கதவைத் தட்டினால் எனக்கு இரண்டே காரணங்கள்தான் தோன்றும். ஒன்று, பால் வரவில்லை. இரண்டு, காஸ் தீர்ந்து விட்டது. அன்றைக்கு இரண்டும் இல்லை. மாமியின் கையில் டெலிபோன் இருந்தது. முகத்தில் கலவரம் இருந்தது.

"அம்பி, பிளேன் நின்னுடுத்துடா!"

"எந்தப் பிளேன், மாமி?"

"என் பொண்ணு வர பிளேன்தான்! சிங்கப்பூர்லேர்ந்து கிளம்பினதுலேர்ந்து கண் கொட்டாமல் பார்த்துண்டிருக்கேன். சமத்தா நகர்ந்து வந்துண்டிருந்தது. இப்போ நடுக் கடல்லே நின்னுடுத்து."

டெலிபோனை வாங்கிப் பார்த்தேன். நீல நிற வங்காள விரிகுடா. அதன் மேல் குழந்தை விளையாடும் பொம்மை போல ஒரு சின்னஞ்சிறு மஞ்சள் விமானம். அசையவில்லை.

"ஆகாயத்தில் விமானம் நிற்காது, மாமி" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? அதனாலேதானே வயித்தைக் கலக்கறது!"

நியாயந்தானே? பெண்ணும் ஆறு மாதக் குழந்தையும் அந்தப் பொம்மைக்குள் இருக்கிறார்கள். மாமியைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் மாமி ஒரு கேள்வி கேட்டாள்.

"அது சரி, பிளேன் எங்கே இருக்குன்னு இந்த டெலிபோனுக்கு யார் சொல்றா?"

பத்திரிகைக்காரன் என்ற பெயர் வைத்துக் கொண்டு இதற்குப் பதில் தெரியாமல் இருக்கலாமா? பதிலைச் சொல்லத் தொடங்கிய பிறகுதான், அது ஒரு வரியில் அடங்கும் சமாசாரம் அல்ல என்று தெரிந்தது. அதில் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. மூன்று மாப்பிள்ளைகளின் போட்டி இருக்கிறது. குடும்பம் நடத்துகிற எல்லாருக்கும் ஒரு படிப்பினையும் இருக்கிறது.

புள்ளி தெரிந்தது, உயரம் தெரியவில்லை

1996-ம் வருஷம் நவம்பர் 12-ம் தேதி மாலை, சவூதி அரேபிய விமானம் ஒன்று டில்லியிலிருந்து கிளம்பிற்று. அதில் 312 பேர். அவர்களில் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறவர்கள். அதே சமயத்தில் கஜகஸ்தான் நாட்டு விமானம் ஒன்று 37 பேருடன் டில்லியில் இறங்க வந்து கொண்டிருந்தது. போகிற விமானத்துக்கும் வருகிற விமானத்துக்கும் அந்நாளில் டில்லியில் ஒரே பாதைதான்.

கீழே இருந்த கட்டுப்பாட்டு அதிகாரி சரியாகத்தான் சொன்னார். மேலே ஏறுகிற விமானத்தை 14,000 அடியில் நிறுத்தினார். இறங்குகிற விமானத்தை 15,000 அடியில் நிற்கச் சொன்னார். நடுவே ஆயிரம் அடி இடைவெளி. எதிரே ஒரு விமானம் வருகிறது என்று எச்சரிக்கையும் செய்தார். ஆனால் கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் இன்னும் கீழே இறங்கி விட்டது. ஹரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே, மேகத்துக்கு நடுவே, இரண்டும் மோதிக் கொண்டன. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நடு வானில் விமானங்கள் மோதிய விபத்துக்களில் இவ்வளவு உயிர்களைக் கொண்டு போனது வேறு எதுவும் இல்லை.

"கீழே இருந்தவர் ராடாரிலே பார்த்துண்டுதானே இருந்திருப்பார்?" என்று மாமி கேட்டாள்.

பார்த்துக் கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கண்ட ராடார் பழைய வகை. மலைக்கு எதிரே நின்று கூவினால் எதிரொலி கேட்கிறதல்லவா? அந்த மாதிரி. ராடார் ஓர் அலையை அனுப்பும். விமானத்தின் மேல் பட்டு அது திரும்பி வரும். ஏதோ ஒன்று இன்ன திசையில், இன்ன தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். அது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று தெரியாது. எதிரொலிக்குப் பெயரும் விலாசமும் உண்டா? உயரத்தை விமானியிடம் வாயால் கேட்டுத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். விமானி சொன்னதற்கு மாறாக விமானம் இறங்கினால், கீழே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

கூப்பிட்டால் பதில் சொல்லும் பெட்டி

இதற்கு மருந்து உலகத்தில் அப்போதே இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று கண்டு பிடிப்பதற்காக ஒரு யுக்தி செய்தார்கள். விமானத்தில் ஒரு பெட்டியை வைத்தார்கள். அதற்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். தரையிலிருந்து ராடார் "யார் அங்கே?" என்று கேட்டால், பெட்டி தானாகவே "நான் இன்னார்" என்று பதில் சொல்லும். யுத்தத்துக்குப் பிறகு இந்தப் பெட்டி பிரயாணி விமானங்களுக்கும் வந்தது. பெயரோடு உயரத்தையும் சேர்த்துச் சொல்லக் கற்றுக் கொண்டது.

கேள்வி கேட்பது 1030 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில். பதில் சொல்வது 1090-ல். இந்த 1090 என்ற எண்ணை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நம் கதாநாயகன் அதுதான்.

இப்படிக் கேட்டுப் பதில் வாங்கும் ராடார் 1996-ல் டில்லியில் உபயோகத்தில் இல்லை. விபத்துக்குப் பிறகு அது வந்தது. வருகிற பாதையையும் போகிற பாதையையும் பிரித்தார்கள். விமானங்கள் ஒன்றையொன்று விசாரித்து, "நீ மேலே போ, நான் கீழே போகிறேன்" என்று விமானிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கும் யந்திரத்தையும் இந்தியாவில் கட்டாயமாக்கினார்கள். அந்த யந்திரமும் இதே 1030, 1090 பாஷையில்தான் பேசுகிறது.

கேட்காமலே சொன்னால் என்ன?

ராடாரில் ஒரு சங்கடம் உண்டு. விலை அதிகம், இடம் அதிகம், சுற்றிக் கொண்டே இருக்க வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் நாலு விநாடியிலிருந்து பன்னிரண்டு விநாடி வரை ஆகிவிடும். நடுக் கடலில் அதை எங்கே நடுவது?

இதற்கிடையில் செயற்கைக் கோள்களின் உதவியால் விமானம் தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிடக் கற்றுக் கொண்டது. ஜி.பி.எஸ். என்று நாம் சொல்கிறோமே, அதுதான். உடனே நிபுணர்களுக்கு ஒரு யோசனை உதித்தது. 'விமானத்துக்குத் தான் இருக்கும் இடம் தெரிந்திருக்கிறது. பின்னே அதை நாம் ஏன் தேட வேண்டும்? கேட்காமலே அது சொல்லிக் கொண்டு போகட்டுமே! யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டுக் கொள்ளட்டும்!'

தெருவில் கீரைக்காரி குரல் கொடுத்துக் கொண்டு போகிறாள். எந்த வீட்டுக்குக் கீரை வேண்டும் என்று அவள் பார்ப்பதில்லை. ஆனால் அவள் எந்த முனையில் இருக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். அதே தத்துவந்தான். இதற்கு ஏ.டி.எஸ்.-பி. என்று பெயர் வைத்தார்கள். விமானம் தன் பெயர், இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் ஓயாமல் ஒலிபரப்பும். தரையில் ஒரு சிறிய ஆண்டெனா இருந்தால் போதும்; உயரப் பறக்கும் விமானத்தின் குரல் சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்குக் கேட்கும்.

எல்லாம் சரி. ஆனால் எந்த அலைவரிசையில், எந்த பாஷையில் சொல்வது? அங்கேதான் தகராறு ஆரம்பமாயிற்று.

மூன்று மாப்பிள்ளைகள்

பெண் ஒன்று, மாப்பிள்ளைகள் மூன்று. பெண்ணின் பெயர் ஆகாயம்.

முதல் மாப்பிள்ளை ஸ்வீடன் தேசத்துக்காரன். பெயர் வி.டி.எல். மோட் 4. ஹோகன் லான்ஸ் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானியின் மூளையில் உதித்த முறை. ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு! ஒரு நிமிஷத்தை 4,500 துண்டுகளாக்கி, ஒவ்வொரு விமானமும் தனக்கென்று ஒரு துண்டைப் பிடித்துக் கொள்ளும். அந்த நேரத்தில்தான் பேசும். யாரும் யார் பேச்சிலும் குறுக்கிடுவதில்லை. கீழே இருந்து யாரும் வரிசைப்படுத்தவும் வேண்டாம். தங்களுக்குள்ளேயே முறை வைத்துக் கொள்ளும். குறை என்னவென்றால், உலகத்திலுள்ள ஒவ்வொரு விமானமும் புதிய பெட்டி வாங்க வேண்டும். விமானிகள் வாயால் பேசுவதற்கே நெருக்கடியாக இருக்கும் அலைவரிசைப் பகுதியில் இவனுக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது மாப்பிள்ளை அமெரிக்காக்காரன். பெயர் யு.ஏ.டி. 978 மெகாஹெர்ட்ஸில் தனக்கென்று தனி வீடு உள்ளவன், விசாலமான வீடு. இந்த வேலைக்கென்றே பிறந்தவன். விமானம் சொல்வதைக் கேட்பதோடு நிற்க மாட்டான்; "முன்னால் மழை இருக்கிறது, புயல் இருக்கிறது" என்று வானிலைப் படங்களையும் மேலே அனுப்பி வைப்பான்.

அலாஸ்காவில் இவன் செய்த காரியம் அபாரம். பெத்தெல் என்ற ஊரைச் சுற்றிய பிரதேசத்தில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது. தபால், மளிகைச் சாமான், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண், எல்லாம் சிறு விமானத்தில்தான் போக வேண்டும். மலை, பனி, ராடார் இல்லாத வானம், விபத்துக்களுக்குக் கேட்பானேன்! 1999-ல் அங்கே 'காப்ஸ்டோன்' என்ற திட்டத்தின் கீழ், சிறு விமானங்களுக்கு அமெரிக்க அரசாங்கமே இந்தப் பெட்டியைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிற்று. 2001 ஜனவரி முதல் தேதியிலிருந்து, பெத்தெல் வட்டாரத்து விமானங்களுக்கு ராடார் இருந்தால் கிடைக்கும் பாதுகாப்பு ராடார் இல்லாமலே கிடைத்தது. விபத்துக்கள் கணிசமாகக் குறைந்தன.

மூன்றாவது மாப்பிள்ளை நம் பழைய 1090-தான். டிரான்ஸ்பாண்டரின் பதிலையே கொஞ்சம் நீட்டி, இடத்தையும் வேகத்தையும் அதில் சேர்த்து விட்டார்கள். அழகு போதாது. குடியிருப்பதோ சந்தைக்கடை! ராடாருக்குச் சொல்லும் பதில், மோதலைத் தடுக்கும் யந்திரத்தின் பேச்சு, எல்லாம் அதே 1090-ல்தான். ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின் மேல் விழுந்து கொண்டே இருக்கும். ஒவ்வொரு செய்தியும் 112 துளிகளுக்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை சொன்னது காதில் விழாவிட்டால் என்ன செய்வது? திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதுதான். ஆகவே தான் இருக்கும் இடத்தை விநாடிக்கு இரண்டு தடவை கத்துகிறான்!

யாருக்கு மாலை?

மாமியைக் கேட்டேன், "யாருக்குப் பெண்ணைக் கொடுப்பீர்கள்?" என்று.

"முதல் பிள்ளை நல்ல பிள்ளையா இருக்கானே!" என்றாள் மாமி.

பல எஞ்சினீயர்களுக்கும் அதுதான் அபிப்பிராயம். ஆனால் மாலை விழுந்தது 1090-ன் கழுத்தில். 2003-ம் வருஷம் மான்ட்ரியல் நகரில், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனத்தின் மகாநாடு கூடியது. நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்குப் பொது பாஷையாக 1090 இருக்கட்டும் என்று அங்கே சிபார்சு செய்தார்கள்.

காரணம் என்ன? திறமை அல்ல, பழக்கம். மோதலைத் தடுக்கும் யந்திரத்துக்காக, பெரிய விமானங்களில் நவீன டிரான்ஸ்பாண்டர் ஏற்கெனவே இருந்தது. அதையே கொஞ்சம் திருத்தினால் வேலை முடிந்தது. மற்ற இருவரையும் கட்டிக் கொண்டால், உலகம் முழுவதும் புதுப் பெட்டி வாங்கிப் பூட்டி முடிக்கும் வரையில் சில விமானங்கள் பேசும், சில ஊமையாக இருக்கும். ஆகாயத்தில் பாதி பேர் ஊமையாக இருப்பதைவிட, எல்லாரும் கொச்சையாகவாவது ஒரே பாஷை பேசுவது மேல் அல்லவா?

ஸ்வீடன் மாப்பிள்ளைக்காக வருத்தப்பட வேண்டாம். ஆகாயம் கை விட்டாலும் கடல் கை கொடுத்தது! பெரிய கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லிக் கொள்கிற முறை, இதே 'முறை வைத்துப் பேசும்' தத்துவத்தில்தான் அமைந்திருக்கிறது.

இரண்டு பாஷையின் செலவு

அமெரிக்கா மட்டும் இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தது. 2002-லேயே அது செய்த முடிவு: பெரிய விமானங்களுக்கு 1090; சிறு விமானங்களுக்கு 978. கட்டுப்பாடுள்ள வான் பகுதிகள் பெரும்பாலானவற்றில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து இரண்டில் ஒன்று கட்டாயம். 18,000 அடிக்கு மேலே போனால் 1090 மட்டுந்தான்.

வானிலைப் படத்துக்காக 978-ஐ விரும்பும் சொந்த விமானக்காரர்கள் அங்கே அநேகர். அது சரி, ஆனால் 978 மட்டும் தெரிந்த விமானத்துக்கு 1090-ன் குரல் காதில் விழாது. 1090 மட்டும் தெரிந்ததற்கு 978 புரியாது. பக்கத்துப் பக்கத்தில் பறக்கும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் செவிடு! ஆகவே தரையிலே துபாஷிகளை வைத்தார்கள். தரை நிலையம் ஒரு பாஷையில் கேட்டதை மற்றப் பாஷையில் திருப்பி ஒலிபரப்பும். துபாஷியின் குரல் எட்டாத இடத்தில்? அங்கே விமானி பழையபடி தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு சமையல் என்றால் செலவும் இரட்டிப்பு, சங்கடமும் இரட்டிப்புத்தானே?

வானத்துக்கு மேலே ஒரு காது

"இதெல்லாம் சரி, என் பொண்ணு வர பிளேன் ஏன் நின்னுது?" என்று மாமி விஷயத்துக்கு வந்தாள்.

மாமியின் டெலிபோனில் நகரும் பொம்மைக்கு ஆதாரமே அந்த 1090 குரல்தான்.  உலகம் முழுவதும் ஆர்வமுள்ளவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சிறிய ஆண்டெனாவை வைத்து, கேட்டதை இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். அதைச் சேர்த்துப் படம் போட்டுக் காட்டுவதில் பெயர் பெற்ற ஸ்தாபனங்களில் ஒன்று ஸ்வீடனில் பிறந்த 'ஃபிளைட்ரேடார்24' என்பது வேடிக்கை! உள்ளூர் மாப்பிள்ளை தோற்றுப் போனான். ஜெயித்தவனை வைத்துக் கடை நடத்துகிறார்கள்.

நடுக் கடலில் மொட்டை மாடி ஏது? ஆகவே பொம்மை நின்றது. விமானம் நிற்கவில்லை, கேட்பதற்குக் காதுதான் இல்லை.

ஆனால் விமானப் போக்குவரத்தைக் கவனிப்பவர்கள் மாமியின் டெலிபோனை நம்பி இல்லை. முன்னாளில் சமுத்திரத்தின் மேல் பறக்கும் விமானி, அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு தடவை, கரகரவென்று இரைச்சல் போடும் ரேடியோவில் தான் இருக்கும் இடத்தைச் சொல்வார். பிறகு செயற்கைக் கோள் மூலமாக விமானமே தந்தி போலச் செய்தி அனுப்பும் முறை வந்தது. வங்காள விரிகுடாவில் பெரும் பகுதியைக் கவனிப்பது நம் சென்னை நிலையந்தான். இந்த முறை இங்கேயும் உண்டு.

2014-ம் வருஷம் மார்ச் 8-ம் தேதி உலகத்தையே உலுக்கி விட்டது. கோலாலம்பூரிலிருந்து பீகிங்குக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் மறைந்தது. அதன் டிரான்ஸ்பாண்டர் நடு வழியில் மௌனமாகி விட்டது. இவ்வளவு பெரிய விமானம் எங்கே போயிற்று என்று சொல்ல முடியாமல் உலகம் விழித்தது. அடுத்த வருஷம் ஜினீவாவில் கூடிய சர்வதேச ரேடியோ மகாநாட்டில், விமானங்களின் 1090 குரலைச் செயற்கைக் கோளும் கேட்கலாம் என்று அலைவரிசையை ஒதுக்கினார்கள். 2019-ல், சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக் கோள்கள் அந்தக் குரலைக் கேட்கத் தொடங்கின. துருவமானாலும் சமுத்திரமானாலும் கேட்காத இடமில்லை.

இதை 2003-ல் மாலை போட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். உலகத்து விமானங்கள் எல்லாம் ஒரே பாஷையில் பேசியதால்தான், மேலே ஒரு காது வைத்ததும் எல்லாக் குரலும் ஒருமிக்கக் கேட்டது.

நம்பினால் மட்டும் போதாது

குறையே இல்லையா? உண்டு. வாயை மூடிக் கொண்ட விமானத்தின் குரலை எந்தச் செயற்கைக் கோளும் கேட்க முடியாது. அது மட்டுமல்ல. கீரைக்காரி தான் எந்த முனையில் இருக்கிறாள் என்று சொல்வதை நாம் அப்படியே நம்புகிறோம். விமானத்தின் ஜி.பி.எஸ்.ஸை யாராவது பொய் அலைகளால் ஏமாற்றி விட்டால், விமானமும் கள்ளங் கபடமில்லாமல் தவறான இடத்தையே சொல்லும். யுத்தம் நடக்கும் பிரதேசங்களுக்கு அருகே இப்படி நடக்கிறது. 1090 குரலுக்குப் பூட்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஆகவேதான் பழைய ராடார்களை இன்னும் மூட்டை கட்டவில்லை. குரல் பல ஆண்டெனாக்களை எட்டும் நேரங்களை ஒப்பிட்டு, சொன்ன இடம் மெய்தானா என்று சரி பார்க்கும் முறையும் இருக்கிறது. பையன் "ஸ்கூலிலே இருக்கேன்" என்று சொன்னாலும், நாம் ஒரு தடவை விசாரித்துக் கொள்வதில்லையா?

பேசிக் கொண்டே இருந்ததில் பொழுது பலபலவென்று விடிந்து விட்டது. மாமி திடீரென்று கூவினாள்: "நகர்றது! நகர்றது!"

ஆமாம், கரையிலுள்ள ஏதோ ஒரு மொட்டை மாடியின் காதில் அந்தக் குரல் விழுந்து விட்டது. மஞ்சள் பொம்மை சென்னையை நோக்கி ஊர்ந்து வந்தது. சற்று நேரத்தில் மீனம்பாக்கம் வந்து சேர்ந்து மறைந்தது.

பத்து மணிக்கு எதிர் வீட்டு வாசலில் டாக்சி நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதது. தெருவுக்கே கேட்டது.

"பார்த்தியா அம்பி, இதுவும் தான் எங்கே இருக்கேன்னு கேட்காமலே சொல்றது!" என்றாள் மாமி.